‘செல்வி தொடாதே’ ஃபைலைத் தொட்டுவிட்டேன்

என் மும்தாஜுக்கு,

நல்லாருக்கியாடி என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்க முடியாமல் போய்விட்டது. அதனால் நேராகத் திட்டிலேயே ஆரம்பிக்கிறேன். ஒரு மனுஷி போகும்போது இத்தனை ஃபைலை விட்டுவிட்டா போவாள்?

நம் பாலிடெக்னிக் தோழிகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு எழுதுவதைவிட உனக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். சிரித்த முகம், தங்கமான குணம் என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். உன் குணம் எனக்குத் தெரியாதா? நீ தட்டிய தட்டில் உன் கீபோர்டின் எண்டர் பட்டனில் எழுத்தே அழிந்துபோயிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். வழக்கம்போல, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நம் மருந்துக் கிடங்கு அப்படியேதான் இருக்கிறது. குளிர் அறைகளில் ஊசி மருந்துப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன, ஏறிப் போகின்றன. சர்வர் இருக்கிற சின்ன அறையில் ஏசி இன்னும் ஒழுகுகிறது. உன் நாற்காலியில் நான் என் பையை வைத்துக்கொள்கிறேன். வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவார்களோ என்று முதல் நாள் பையை வைத்தேன். அதுவே பழகிவிட்டது. தவளக்குப்பத்திலிருந்து கிளம்பி, மரப்பாலம் நெரிசலில் நின்று, புகையெல்லாம் குடித்து நான் வந்து சேரும்போது, என்னடி இப்பத்தான் விடிஞ்சுதா என்று கேட்க இப்போது ஆளில்லை. அதற்காக நான் சீக்கிரம் வர ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். கொட்டாவி விடாமல் கேள்.

சர்வரில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. எந்த அறை எவ்வளவு சூடானால் கத்த வேண்டும், யாருக்குச் செய்தி போக வேண்டும் என்றெல்லாம் நாம் சொல்லி வைக்கிற இடம் அது. புரோகிராமைச் செய்தவர்களே ஒரு ஃபைலைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். நாம் அதை நம் இடத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வோம். பிறகு புதுப் பதிப்பு வரும்போது அதோடு ஒரு புது ஃபைலும் வரும். அப்போது சர்வர் நின்று ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் திருத்தியது ஒன்று இங்கே இருக்கிறது, நான் கொண்டுவந்தது ஒன்று இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள? சும்மா எண்டர் தட்டினால் பழையதே இருக்கும். ஒய் என்ற எழுத்தைத் தட்டினால் புதியது வந்து உட்காரும். டி என்ற எழுத்தைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகக் காட்டும்.

நீ எண்டர் கட்சி, நான் ஒய் கட்சி. டி தட்டிப் பார்க்கிற கட்சியில் நாம் இரண்டு பேருமே சேரவில்லை. அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை?

“எங்கையால எழுதனதுடி. எவனோ எழுதனத நான் எதுக்கு வச்சிக்கணும்?” என்பாய்.

“அந்த எவனோதான்டி புரோகிராமயே எழுதனான்” என்பேன் நான்.

“எழுதட்டும். அவன் நம்ம ரூம் ரெண்டப் பாத்துருக்கானா?”

ரூம் இரண்டின் கதவைப் பார்க்காதவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கதவின் ஓரத்து ரப்பர் எப்போதோ தேய்ந்துவிட்டது. சாத்தினால் சாத்திய மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக விரல் நுழைகிற அளவு திறந்துகொள்ளும். ஒவ்வொரு மழைக்கும் நீ போய்ச் சொன்னாய். முதலாளியும் ஒவ்வொரு மழைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரோகிராம் வந்தபடியே விட்டிருந்தால், அறை சூடானால் யாரும் திறந்தே பார்க்காத ஒரு மெயில் முகவரிக்கு ஒரு மெயில் போகும். அவ்வளவுதான். நீதான் உட்கார்ந்து வரிகளைச் சேர்த்தாய். முதலில் உன் ஃபோனுக்கு மெசேஜ். நீ பார்த்துவிட்டு ‘சரி’ என்று பதில் அனுப்பினால் அதோடு முடிந்தது. அனுப்பாவிட்டால் என் ஃபோனுக்கு. நானும் அனுப்பாவிட்டால் கேட்டில் இருக்கிற சைரன் அடிக்கும். உன் நம்பர் ஏன் முதலில் என்று ஒருமுறை கேட்டதற்கு, “ஒன் ஃபோன நம்பி மருந்து வச்சா ஊரே படுத்துக்கும். ஒரு தடவையாச்சும் எடுத்துருக்கியாடி நீ?” என்று நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. எடுக்காமல் என்ன, திரும்பக் கூப்பிடுவேன் அல்லவா?

நீ எண்டர் தட்டியதைக்கூட மன்னிப்பேன். எதையும் அழிக்கமாட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாத வரியை எடுத்துப் போடாமல் அதன் தலையில் # என்று ஒரு ஹேஷ் குறி வைத்துவிடுவாய். அந்தக் குறி இருந்தால் புரோகிராம் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர் கண்ணுக்கு மட்டும் அது அங்கேயே கிடக்கும். உன் ஃபைலைத் திறந்தால் உயிருள்ள வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

இது போதாதென்று ஒவ்வொரு ஃபைலுக்கும் நகல்கள் வேறு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து நீ வைத்த பெயர்களை இங்கே சொல்லி உன் மானத்தை வாங்கத்தான் போகிறேன். பழசு. ரொம்ப பழசு. கடைசி. நெஜமா கடைசி. நோன்புக்கு முன்னாடி. நான் பார்க்கிற நகலையெல்லாம் அழித்துவிடுகிறேன் என்பதால் கடைசியாக ஒன்றுக்கு ‘செல்வி தொடாதே’ என்றே பெயர் வைத்தாய். அதைப் பார்த்து அன்றைக்கு ஒருநாள் முழுக்க உன்னிடம் பேசாமல் இருந்தேன். நீயோ என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்றாய்.

ஒரு புரோகிராமைத் தூக்கினாலாவது முழுசாகத் தூக்குவாயா? புரோகிராமை மட்டும் நீக்கிவிட்டு அதன் கான்ஃபிக்கை அப்படியே விட்டுவிடுவாய். எப்பயாச்சும் திரும்பப் போட்டா உதவும்டி என்று ஒரு சமாதானம். ஃபேக்ஸ் மெஷின் காயலான் கடைக்குப் போய் எத்தனை காலமாகிறது? ஃபேக்ஸ் புரோகிராமும் போய்விட்டது. அதன் செட்டிங்ஸ் மட்டும் நம் சர்வரில் நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நீ போன பிறகு கொஞ்ச காலம் நான் எதையும் தொடவில்லை. மனசு வரவில்லை என்று வைத்துக்கொள். அந்த மாதங்களில் ரூம் இரண்டு ஒரு தொல்லையும் தரவில்லை. சைரன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. என் ஃபோனுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. மும்தாஜ் போனதற்கு அந்தக் கதவுகூட அடங்கிவிட்டதே என்று நினைத்தேன். நான் எப்படிப்பட்ட முட்டாள் என்பது பின்னால் வருகிறது.

பிறகு முதலாளிக்குத் திடீரென்று ஞானம் வந்தது. சர்வரில் இருப்பது ரொம்பப் பழைய பதிப்பு, இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் சொன்னபோது ஏறவில்லை. வெளியாள் சொன்னதும் ஏறிவிட்டது. சென்னையிலிருந்து தினேஷ் என்று ஒரு பையனை வரவழைத்தார். கெட்டிக்காரன்தான், மரியாதையாகவும் பேசுவான். ஒரு சனிக்கிழமை நான் அம்மாவுடன் ஜிப்மர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமலேயே புதுப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த நாள் ஞாயிறு, நல்ல மழை. ரூம் இரண்டின் கதவு தன் வேலையைக் காட்டியது. மெசேஜ் இல்லை, சைரன் இல்லை. திங்கள் காலையில் போய்ப் பார்த்தால் அறை வெதுவெதுவென்று இருக்கிறது. உள்ளே இருந்த ஊசி மருந்து அத்தனையும் வீண். சர்க்கரை நோயாளிகளுக்குப் போக வேண்டியது. அதையெல்லாம் தனியாக எடுத்து அடுக்கி, மேலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு திட்டு உனக்குத்தான் விழுந்தது. என்னடி செய்து வைத்திருக்கிறாய், எந்த வரியில் என்ன குளறுபடி என்று வாய்விட்டே திட்டினேன். லோடு ஏற்றும் ஆட்கள் நான் யாரிடம் பேசுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பக்கம் அடித்து வைத்திருந்தது. மருந்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய விளக்கம். பழைய ஊழியர் மும்தாஜ் பேகம் அனுமதியில்லாமல் செய்து வைத்த மாற்றங்களால் எச்சரிக்கை வேலை செய்யவில்லை என்று இருந்தது. பக்கத்தில் தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“படிச்சிட்டல்ல? நீதான் இப்ப சிஸ்டத்தப் பாத்துக்கற. ஒரு கையெழுத்து போடும்மா.”

“சார், இதுல மும்தாஜ் பேரு இருக்கு.”

“இருக்கட்டுமே. உயிரோட இருக்கறவங்க பேர எழுதனா அவங்க பொழப்புல மண்ணு. செத்தவங்களுக்கு இன்னாம்மா கெட்டுடப் போவுது?”

அவர் அதை மோசமான எண்ணத்தில் சொல்லவில்லை, மும்தாஜ். யாருக்கும் அடிபடாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நான் உன்னைத் திட்டியதில் கால்வாசிகூட அந்தக் காகிதத்தில் இல்லை. ஆனால் உன்னைத் திட்டுகிற உரிமை எனக்குத்தான் உண்டு. அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

“நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க சார். பாத்துட்டு சொல்றேன்.”

“இன்னாத்தப் பாக்கப் போற? ஃபைலு அவங்க எழுதனதுதான?”

“எழுதனது அவதான் சார். வேல செய்யாம போனது ஏன்னு பாக்கறேன்.”

வெளியே வந்து தினேஷைப் பிடித்தேன். அப்டேட் போடும்போது சர்வர் கேள்வி கேட்டதே, என்ன தட்டினாய் என்றேன். “கேட்டுகிட்டே இருந்துச்சு மேடம். எல்லாத்துக்கும் பழசையே வச்சுக்கோன்னு ஒரே கமாண்ட்ல குடுத்துட்டேன். அதுதான சேஃப்?” என்றான். உன் கட்சிக்காரன்டி அவன்! சென்னையிலிருந்து வந்திருக்கிறான். “காலைல பிரச்சினை வந்ததும் புது ஃபைல எடுத்து அது மேலயே போட்டுட்டேன் மேடம்” என்றான் அடுத்து. இது என் கட்சி. ஒரே ஆள் இரண்டு நாளில் நம் இரண்டு பேர் தப்பையும் செய்து முடித்துவிட்டான். உன் ஃபைல் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் ‘செல்வி தொடாதே’ ஞாபகம் வந்தது.

தொட்டேன்டி. வேறு வழியில்லை. சைரனும் மெசேஜும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நீ எடுத்து வைத்த நகல் அதில் அப்படியே இருந்தது. அதையும், புதுப் பதிப்போடு வந்த ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வித்தியாசத்தை வரி வரியாகப் படித்தேன். எண்டரும் இல்லை, ஒய்யும் இல்லை. அதற்குப் பாதி மதியம் ஆனது. நாம் இரண்டு பேரும் அந்தப் பாதி மதியத்தை மிச்சம் பிடிப்பதற்காக எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்?

கரண்ட் போய் வந்ததும் கொஞ்ச நேரம் கத்தாதே, கம்ப்ரஸர் மூச்சு விடட்டும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாய். இன்னோரிடத்தில், இதைத் தொட்டா கை ஒடையும். என்னைத்தான் சொல்லியிருப்பாய். நீ மெனக்கெட்டுச் சேர்த்த பாதி விஷயத்தைப் புதுப் பதிப்பில் அவர்களே செய்து அனுப்பியிருந்தார்கள். அந்த வரிகளெல்லாம் இனி தேவையே இல்லை. அதைப் பார்த்தால் உனக்கு எவ்வளவு கர்வம் வந்திருக்கும்! ஒரு வாரத்துக்கு என்னால் உன் பக்கத்தில் உட்கார முடிந்திருக்காது.

கோளாறு எங்கே என்று கடைசியில் பிடித்தேன். மெசேஜ், சைரன் இரண்டுக்கும் உரிய வரிகளைப் புதுப் பதிப்பில் வேறு தலைப்புக்குக் கீழே, வேறு பெயரில் எழுத வேண்டும். உன் வரிகள் பழைய பெயரில் இருந்தன. புது புரோகிராம் அவற்றைப் பார்த்தது, புரியவில்லை, தாண்டிப் போய்விட்டது. புரியாவிட்டால் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? கல்யாண வீட்டில் தெரியாதவர்களைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகிற மாதிரி போயிருக்கிறது. நீ எழுதியது தப்பில்லை. எழுதின காலத்துக்கு அது சரி. புதுசைப் போட்டவர்கள்தான் அதைப் புது பாஷைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை முதலாளியையும் தினேஷையும் ரூம் இரண்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். மருந்தெல்லாம் வெளியேற்றிவிட்டதால் அறை காலி. உன் வரிகளைப் புதுப் பெயரில் மாற்றிப் போட்டிருந்தேன், ஒன்றுவிடாமல். கதவைத் திறந்து வைத்தேன். இப்போது சைரன் அடிக்கும் பாருங்கள் என்றேன்.

சூடு ஏறியது. எல்லையைத் தாண்டியது. நாங்கள் மூன்று பேரும் கேட் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். பக்கத்து ஃபேக்டரியில் தகரம் வெட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் நின்றோம். சைரன் அடிக்கவே இல்லை.

“பாத்தியாம்மா?” என்றார் முதலாளி. குரலில் பரிதாபம். “ஃபிரெண்டுன்னா பாசம் இருக்கும்தான். நான் இல்லன்னு சொல்லல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, மும்தாஜ். உன்மேல் வந்த கோபத்தில் வந்த அழுகைதான், நீ பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. செத்தும் என்னை இப்படி நிற்க வைக்கிறாயே என்று இருந்தது.

அப்போது வாட்ச்மேன் கலியபெருமாள் கேட்டிலிருந்து ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. எங்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளிச் சாத்தி முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்கள்லாம் இங்கயேதான் நிக்கிறீங்களா? ரூம் ரெண்டு கதவு தெறந்துருக்காம். சூடு ஏறுதாம்.”

“யாரு சொன்னா?” என்றேன்.

“அன்சாரி பாய்தான் ஃபோன் பண்ணாரு.”

“அவுரு எதுக்கு உங்களுக்கு ஃபோன் பண்றாரு?”

“அவுருதானம்மா எப்பவும் பண்ணுவாரு. அந்தம்மா போனதுலேருந்து. கதவப் பாருங்க கலியபெருமாளு, தெறந்துகிச்சின்னு சொல்லுவாரு. நானும் போயி சாத்திடுவேன். ஆபீஸ்ல சொல்லித்தான் பண்றாருன்னு நெனச்சிகிட்டிருந்தேன். ரெண்டு மூணு நாளாத்தான் ஃபோனக் காணோம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தினேஷைப் பார்த்தேன். எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. உன் நம்பரை ஃபைலிலிருந்து யாரும் எடுக்கவே இல்லை. உன் புருஷன் அன்சாரி பாய் உன் ஃபோனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தார். மெசேஜ் உன் ஃபோனுக்குப் போனது. அவர் கலியபெருமாளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நீ அனுப்புகிற மாதிரியே ‘சரி’ என்று பதில் அனுப்பியிருக்கிறார். முதல் நம்பரிலிருந்தே பதில் வந்துவிட்டால் எனக்கு எங்கே மெசேஜ் வரும்? சைரன் எங்கே அடிக்கும்? கதவு அடங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாதமெல்லாம் உன் வேலையை உன் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

அங்கே நின்றபடியே அவருக்கு ஃபோன் போட்டேன். “பாய், இப்ப இன்னொரு மெசேஜ் வரும். பதில் அனுப்பாதீங்க. யாருக்கும் ஃபோனும் பண்ணாதீங்க” என்றேன். “ஏங்க, கதவு தெறந்து கெடக்குமே” என்றார் பதறிப்போய். பரவாயில்லை என்றேன். என் ஃபோனையும் அணைத்து வைத்தேன். மறுபடியும் கதவைத் திறந்தோம்.

அடித்ததுடி! அப்படி ஒரு அடி! பக்கத்து ஃபேக்டரியில் தகரம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். தினேஷ் காதைப் பொத்திக்கொண்டான். முதலாளி ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. நான் அணைக்கிற அவசரத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தம் நின்ற பிறகு முதலாளி ரூம் இரண்டின் கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்த ரப்பர் கையோடு வந்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார். “ரப்பர்காரன வரச்சொல்லும்மா” என்றார். அந்தக் காகிதத்தை அவரே கிழித்துவிட்டு வேறு எழுதினார். புதுப் பதிப்புக்கு ஏற்ப அமைப்புகளைச் சரிபார்க்கவில்லை, கதவிலும் பழுது என்று இருந்தது. உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே கதவுக்குப் புது ரப்பர் வந்துவிட்டது. நீ கெஞ்சிய காலத்தில் வராதது.

சாயங்காலம் முல்லா வீதிக்கு உன் வீட்டுக்குப் போனேன். அன்சாரி பாய் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இளைத்திருக்கிறார். உன் ஃபோன் அலமாரிமேல் சார்ஜில் இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?” என்று சண்டைக்கே போனேன்.

“என்னாத்தச் சொல்றது? மொதல்ல மெசேஜ் வந்தப்ப திக்குனு ஆயிடுச்சி. அப்புறம், இவ இருந்தா என்னா பண்ணுவான்னு யோசிச்சேன். கலியபெருமாளத்தான் திட்டிகிட்டே கூப்புடுவா. நமக்குத் திட்டத் தெரியாது. சும்மா கூப்ட்டேன்.” எழுந்து போய் உன் ஃபோனின் சார்ஜ் வயரைச் சரியாகச் செருகினார். “சனிக்கெழமலேருந்து இன்னிக்குக் காலைல வரைக்கும் மெசேஜ் வரல. சரி, பேர எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சிகிட்டேன். இன்னொரு தடவ போயிட்ட மாதிரி இருந்துச்சி.”

உன்னைத் திட்ட எத்தனையோ வைத்திருந்தேன். அந்த மனுஷன் முன்னால் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். நம்பரை அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாங்க. எடுத்துடுங்க. கடைல கூட்டமா இருக்கறப்ப பாக்காம உட்டுட்டேன்னு வைங்க, மருந்தாச்சே. நோயாளிங்களுக்குப் போறது. இத்தினி நாளு பாத்தேன், போதும்.”

மறுநாள் முழுக்கச் சுத்தம் செய்தேன். பழசு போனது, ரொம்ப பழசு போனது, கடைசியும் நெஜமா கடைசியும் போயின. ஃபேக்ஸை வேரோடு பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் திறந்து படித்துவிட்டுத்தான் அழித்தேன், நீ அதை நம்பமாட்டாய். நடுவில் நீ இல்லாத வேலைநாள் ஒன்று எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொண்டேன். யாரோடு சண்டை போட்டுக்கொண்டு நான் இந்த வேலையைச் செய்வது? தினேஷ் எதைச் சொன்னாலும் சரி மேடம் என்கிறான். அவனோடு எப்படிச் சண்டை போட முடியும்?

கடைசியில் நம்பர்கள் இருக்கிற இடத்துக்கு வந்தேன். முதல் வரியில் நீ, அடுத்த வரியில் நான். நான் எதையும் மிச்சம் வைக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். உன் வரியில் வந்து நின்று அழிக்கிற பட்டன்மேல் விரலை வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். தினேஷ் டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனான். அதுவும் ஆறிவிட்டது.

பிறகு உன் வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டேன். என் கையால் போட்ட முதல் ஹேஷ் குறி அது. புரோகிராம் இனி உன்னைப் படிக்காது. ஆனால் அந்த ஃபைலைத் திறக்கிறபோதெல்லாம் நான் படிப்பேன். புதுப் பதிப்பு வந்து எதை வைத்துக்கொள்ள என்று கேட்கிறபோதெல்லாம் டி தட்டி, வரி வரியாகப் பார்த்து, இந்த ஒரு வரியை மட்டும் புதுசுக்குக் கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

முதல் நம்பர் இனி என்னுடையது. மழை நாளோ ஞாயிற்றுக்கிழமையோ, ரூம் இரண்டோ வேறு எதுவோ, முதல் மெசேஜ் எனக்குத்தான் வரும். என் ஃபோனை நம்பி மருந்து வைத்தால் ஊரே படுத்துக்கொள்ளும் என்றாயே. பார்த்துக்கொண்டே இருடி. எடுப்பேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் சண்டைக்கார அக்கா,
செல்வி